நத்தை தேடப் போன கொல்லை

பெரம்பலூரில் இறங்கியதும் ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டேன். தேநீர்க் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைக்காமலே சிரித்தார். "ரயிலுக்கு நீங்க அரியலூர் போவணும்ங்க. இங்க எல்லாமே பஸ்ஸுதான்." அருகில் நின்றவர் என் பேச்சைக் கவனித்துவிட்டு, "கேரளாவுங்களா?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "ஓ, சிலோனு" என்றவரின் பார்வை என் முகத்திலிருந்து பைக்கு இறங்கியது. பையிலிருந்து நான்கு இரும்புக் கம்பிகளும் ஒரு கட்டு மூங்கில் முளைகளும் துருத்திக்கொண்டிருந்தன. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன்.

விடுதியில் கடவுச்சீட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். "ரூல்ஸுங்க. ஸ்டேஷன்லேர்ந்து யாராச்சும் வந்து கேட்டாலும் கேப்பாங்க. பயப்படாதீங்க" என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது வந்து கேட்பார்கள் என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்குப் பயப்படாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை. தாழ்ப்பாள் போட்ட கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு விவசாயப் பண்ணையில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மாரி தொடங்கியதும் கரிய, தட்டையான, ஓடே இல்லாத நத்தை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி வரும். விடிவதற்குள் மிளகாய்க் கன்றையும் கோவா எனப்படும் முட்டைக்கோஸ் நாற்றையும் தண்டு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ செடியோடும் மண்ணோடும் வந்து சேர்ந்த உயிர். ஓடில்லாத நத்தைக்கு ஈரம்தான் உயிர்நாடி. மழைக்காட்டில் இருக்க வேண்டியது, வருடத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிற ஊர்களில் எப்படிப் பிழைக்கிறது? பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமும் அது இருக்கிறது என்று திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் இளவரசி எழுதியிருந்தார். கள ஆய்வுக்கான அனுமதி அவர் பெயரில் இருந்தது. அவருக்குத் துணையாக நின்று, பார்த்து, கற்றுக்கொண்டு போகத்தான் நான் வந்தேன்.

மறுநாள் காலை இளவரசி தன் ஸ்கூட்டரில் வந்து நின்றார். என்னைவிட இளையவர், என்னைவிட வேகமாகப் பேசுபவர். கடைவீதியில் நின்றபடியே இட்லியும் சின்ன வெங்காயச் சட்னியும் சாப்பிட்டோம். எங்கள் ஊர்ச் சம்பல் நாக்கில் படும்போதே உறைக்கும். இந்தச் சட்னி முதலில் இனித்துவிட்டு, விழுங்கிய பிறகு காதில் உறைத்தது.

பெரம்பலூரைச் சுற்றிக் கரிசல் மண். நனைந்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பிளந்துவிடும். ஐப்பசி மழை அப்போதுதான் தொடங்கியிருந்ததால் கோடையில் விழுந்த வெடிப்புகள் இன்னும் மூடவில்லை. மக்காச்சோளக் கொல்லை ஒன்றில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, வெடிப்பு ஒன்றை இளவரசி மெதுவாகத் தோண்டினார். முழங்கை ஆழத்தில், மேலே தூசியாய் இருந்த அதே மண் குளிர்ந்து கிடந்தது. அங்கே, கட்டைவிரல் அளவுக்குச் சுருண்டு, செத்த தோல் துண்டு மாதிரி ஒன்று. உள்ளங்கையளவு தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தோம். சுருள் அவிழ்ந்தது. முதுகின் நடுவில் வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. பிறகு கண்காம்புகள் வெளியே வந்தன. இளவரசி என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

எங்கள் வேலை முறை எளியது. கம்பிகளைச் சேர்த்தால் ஒரு சதுரச் சட்டம். அதைத் தரையில் வைத்து, மூலைகளில் முளை அடித்து, முளைகளில் சிவப்பு நாடா கட்டி, உள்ளே எத்தனை நத்தை என்று எண்ணுவோம். பிறகு கைபேசியில் அந்த இடத்தைப் புள்ளியாகக் குறித்துப் படம் எடுப்போம். தொடும்போது கையுறை கட்டாயம். இந்த நத்தைக்குள் மனிதருக்கு ஆகாத புழு இருக்கலாம். அவ்வளவுதான். எதையும் எடுத்துச் செல்வதில்லை.

அடுத்த நாள் வரதராஜன்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போனோம். கூரை ஒழுகியதால் ஆட்கள் ஜன்னலோரத்தை விட்டு நடுவில் நெருக்கி நின்றார்கள். அரியலூரை நெருங்க நெருங்கச் சாலையோரப் புளியமரங்கள் வெள்ளையாகிக்கொண்டே வந்தன. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் எதிரே வந்தன. சிமெந்து ஆலை இருந்த காங்கேசன்துறைப் பக்கத்து வேலிகள் என் சிறுவயதில் இந்த நிறத்தில்தான் இருந்தன. மண்ணின் வாசனைகூட ஒன்றாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"சுண்ணாம்புக் கம்பெனிக்காரங்க மறுபடியும் அளக்க வர்றாங்களாம்."

"எந்தக் கொல்லையாம்?"

"எவன் சொல்றான்? முள வெச்சப்பறந்தான் நமக்கே தெரியுது."

அது அவர்கள் ஊர்ப் பாடு என்று விட்டுவிட்டேன். முந்திரித் தோப்பில் அன்று நாள் முழுவதும் சருகைப் புரட்டியும் ஒரே ஒரு நத்தைதான் கிடைத்தது.

அதற்கடுத்த நாள் விக்கிரமங்கலம். இரவெல்லாம் மழை பெய்து விடியும்போது விட்டிருந்தது. ஊரைத் தாண்டிய ஒரு தாழ்வான இடத்தில் தண்ணீருக்குள் இறங்கிய ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. இளவரசி உதைத்துப் பார்த்தார். நான் தள்ளிப் பார்த்தேன். "ஊருக்குள்ள மெக்கானிக் இருப்பாரு, நான் உருட்டிட்டுப் போறேன். நீங்க ஆரம்பிச்சிடுங்க. வெயில் ஏறிட்டா ஒண்ணும் கெடைக்காது" என்றார். அவர் போன பிறகுதான் அனுமதிக் கடிதம் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது.

கேட்பதற்குக் கண்ணுக்கெட்டியவரை ஆளில்லை. சாலையோரத்து வரப்பு, யாருடையதாகவும் இருக்காது என்று நினைத்தேன். சட்டத்தை வைத்தேன். நான்கு முளைகளை அடித்து நாடா கட்டினேன். ஈர வரப்பில் நத்தைகள் தாராளமாக ஊர்ந்துகொண்டிருந்தன. அடுத்த சட்டம், அடுத்த நான்கு முளைகள். குனிந்தபடியே வரப்போடு நகர்ந்து ஒரு கொல்லைக்குள் கொஞ்ச தூரம் வந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

"யாரக் கேட்டு கல்லு ஊனுற?"

நிமிர்ந்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். நான் அடித்த முளைகளில் பாதியை அவர் ஏற்கெனவே பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"கல்லு இல்லை அக்கா. இது சும்மா முளை. நான் நத்தை பாக்க வந்தனான்."

"யாருக்கு யாரு அக்கா? நத்தைக்கு எதுக்கு செவப்புத் துணி?" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் சாலைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏ பழனி! அளக்க வந்துட்டாங்கடா! ஓடியா!"

ஆளே இல்லை என்று நான் நினைத்த இடத்திலிருந்து அத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று இப்போதும் புரியவில்லை. மக்காச்சோளத்துக்குள்ளிருந்து சிலர், சாலைக்கு அப்பாலிருந்து சிலர், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பழனிவேல் அந்தப் பெண்ணின் கொழுந்தனார். முப்பத்தைந்து வயதுக்காரர், கையில் மண்வெட்டி. அவர் என்னைத் தொடவில்லை. நேராக என் கைபேசியை வாங்கிக்கொண்டார். திரையில் வரைபடமும், அதன் மேல் நாங்கள் இட்ட நீலப் புள்ளிகளும் திறந்தபடி இருந்தன.

"பாருங்கய்யா, மேப்பே போட்டு வெச்சிருக்கா."

"எந்த ஊரும்மா நீ?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சிலோனா? வெளிநாட்டுலேர்ந்தே ஆள எறக்கிட்டானுங்களா!"

கம்பெனி ஆள் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பதற்றத்தில் என் பேச்சு இன்னும் எங்கள் ஊர்ப் பேச்சாகி, அவர்களுக்குப் பாதி விளங்கவில்லை. ஒருவர் போலீசுக்குச் சொல்லலாம் என்றார். இன்னொருவர், "ஸ்டேஷன்ல விட்டா சாயங்காலமே கம்பெனிக்காரன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். இங்கயே உக்கார வைங்க. அனுப்புனவன் வரட்டும்" என்றார். இரண்டில் எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் வீதியில் இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொண்டேன்.

மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண், மலர்க்கொடி என்று பிறகு தெரிந்தது, என் பக்கத்திலேயே நின்றார். கோபம் அடங்காத முகத்தோடு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "குடி" என்றார். குடித்தேன். பாதி கழுத்தில் வழிந்தது.

"நத்தைன்னு சொன்னல்ல?" என்றார் பழனிவேல். "காட்டு. பாப்போம்."

அதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டது. வரப்புக்குப் போனோம். நான் எண்ணிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. கற்களைப் புரட்டினேன். புல்லை விலக்கினேன். காய்ந்த சளிக்கோடு மட்டும் மண்ணில் மின்னியது. அதைக் காட்டினேன். "கோட்டக் காட்டுறா" என்று யாரோ சொல்ல, ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை.

நான் நின்றேன். பதறித் தேடினால் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயிலைக் கண்டதும் ஒரு மணி நேரத்துக்குள் இத்தனை நத்தைகள் எங்கே இறங்கியிருக்கும்? இந்தக் கொல்லையில் எந்த இடம் ஒருபோதும் காய்வதில்லை? திரும்பிப் பார்த்தேன். மோட்டார் தண்ணீர் விழும் தொட்டிக்குப் பக்கத்தில், பாதி மண்ணில் புதைந்து, ஒரு பெரிய துவைக்கும் கல் கிடந்தது.

"அண்ணை, அந்தக் கல்லைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவியளோ?"

பழனிவேல் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். நுனியைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்பினார். கல் ஒரு பக்கமாக எழுந்து தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றது.

அத்தனையும் அங்கே இருந்தன. கரியவை, ஒன்றன் மேல் ஒன்றாய், ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் மெல்ல நெளிந்துகொண்டு. ஓரத்தில் மண் பூசிய முட்டைச் சரம் ஒன்று சுருள் சுருளாகக் கிடந்தது. முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"அய்ய! இதுங்க மேலயா நான் தெனம் துணி தொவைக்கிறேன்?" என்றார் மலர்க்கொடி.

"இதப் பாக்கவா கடல் தாண்டி வந்தே?" என்று கேட்ட பழனிவேலின் குரலில் முதல்முறையாகக் கோபம் குறைந்திருந்தது. ஓம் என்றேன். சிலர் சிரித்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மலர்க்கொடி கல்லுக்கு அருகே குந்தி, வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "இது வேற எங்கயும் இல்லாததா?" என்று கேட்டார். "சிலோன்லேர்ந்து வந்து பாக்குறீன்னா, அரிதானதாத்தான இருக்கும்?"

அவர் எதற்கு இதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. பழனிவேல் கடப்பாரையைக் கீழே வைத்தார். "எங்கயோ ஒரு பட்சி இருக்குதுன்னு வேலையவே நிறுத்திப்புட்டாங்களாம். கேள்விப்பட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, முதல்முறையாக மரியாதையோடு, "நீங்க எழுதிக் குடுங்க. இந்த நத்த இங்க மட்டுந்தான் இருக்கு, இந்த மண்ணத் தோண்டக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சற்று முன் என்னை மிரட்டிய அதே கண்கள். எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாடு போட்டு அனுப்பியிருப்பார்கள். அது மட்டுமில்லை, எழுதிக் கொடுக்க எனக்கும் ஆசையாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில், எழுதிய தாள் இவர்கள் கையில் இருப்பதை, அதைக் கண்டு அளக்க வரும் கம்பெனிக்காரர்கள் திகைப்பதை எல்லாம் கற்பனை செய்துவிட்டேன்.

"இல்லை அண்ணை" என்றேன். "இது ஆபிரிக்காவிலயிருந்து வந்தது. பெரம்பலூரிலயும் கிடக்குது, எங்கட ஊரிலயும் கிடக்குது. இதுக்காக ஒருத்தரும் ஒண்டையும் நிப்பாட்ட மாட்டினம்."

"யாருக்குத் தெரியப் போவுது? எழுதித்தான் குடேன்" என்றார் மலர்க்கொடி.

"அவையள் படிச்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வருவினம் அக்கா. ஒரு நாளில பொய் எண்டு தெரிஞ்சிடும். பிறகு நீங்கள் சொல்லுற உண்மையையும் நம்ப மாட்டினம்."

தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பழனிவேலின் முகம் திரும்ப இறுகியது. அவர் தூக்கிய கல்லைக் காலால் தள்ளினார். அது தொப்பென்று பழைய இடத்தில் விழுந்தது.

"அப்ப எங்களுக்கு ஒதவாத மேப்பு எதுக்கு? எல்லாத்தயும் அழி."

அந்த நேரத்தில்தான் இளவரசி கடிதத்தோடு ஓடி வந்தார். யாரோ மெக்கானிக்கிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தை விரித்து, கல்லூரி, அனுமதி, ஆராய்ச்சி என்று மூச்சு வாங்க விளக்கினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. பழனிவேல் அதைத் தொடக்கூட இல்லை. "போன தடவ வந்தவனும் இப்படித்தான் இங்கிலீஷ்ல ஒரு பேப்பரக் காட்டுனான்" என்றார்.

நான் கைபேசியை வாங்கி, அவர் பார்க்க, ஒவ்வொன்றாக அழித்தேன். வரப்புப் படங்கள், முந்திரித் தோப்பு, கரிசல் வெடிப்பில் சுருண்டு கிடந்தது, நீலப் புள்ளிகள் எல்லாம். இளவரசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவை அவருடைய பல மாத உழைப்பின் தொடக்கம். கடைசிப் படத்தில் என் விரல் தயங்கியது. பழனிவேல் பார்த்துக்கொண்டேயிருந்தார். அழித்தேன்.

"போங்க" என்றார்.

ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் பிரித்துப் போட்டபடி கிடந்ததால் இளவரசி அங்கே போக, நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். மலர்க்கொடி பின்னாலேயே வந்தார். நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். மழை திரும்பத் தூறத் தொடங்கியது. என் முளைகள் இன்னும் அவர் கையில்தான் இருந்தன.

"கல்லு ஊனுறியான்னு கேட்டதும் மொகம் செத்துப்போச்சே உனக்கு. ஏன்?" என்றார்.

சொன்னேன். எங்கள் காணியும் ஒரு நாள் இராணுவம் போட்ட முள்ளுக்கம்பிக்கு உள்ளே போனதை. நாங்கள் சட்டி பானையோடு வெளியே நின்றதை.

"திருப்பிக் குடுத்தாங்களா?"

"கன வருசம் கழிச்சுத் தந்தவை."

"வூடு?"

"வீடு இல்லை. கிணறு இருந்தது."

"தண்ணி?"

"இருந்தது. குடிக்கேலாது."

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நகரத் தொடங்கியபோது அவர் திடீரென்று கூடவே நடந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"அந்த நத்தைங்கதான் என் வெங்காய நாத்தத் திங்குதா?"

"ஓம்!"

"கொல்றதுக்கு என்ன பண்ணணும்? அதயாச்சும் சொல்லிட்டுப் போ!"

"பொழுது படேக்க ஈரச் சாக்கு விரிச்சு விடுங்கோ! காலமை பிரட்டினா எல்லாம் அடியில கிடக்கும். உப்புத் தண்ணியில போடுங்கோ. கையால தொடாதைங்கோ!"

"ஈரச் சாக்கா?"

"ஓம், ஈரச் சாக்கு!"

பஸ் வேகமெடுத்தது. மலர்க்கொடி கம்பியை விட்டுவிட்டுச் சாலையோரத்தில் நின்று, முளைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். வண்டிக்குள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்புகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து இருக்கைக்காரர் மெல்லக் கேட்டார். "எந்த நத்தைங்க? கருப்பா, தட்டையா, ஓடு இல்லாம இருக்குமே, அதுங்களா?"

"ஓம்."

"எங்க கெணத்து மேட்டுலயும் கெடக்குதுங்க."

முன் இருக்கைப் பெண் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "எங்க மாட்டுக் கொட்டாயில, தண்ணித் தொட்டிக்கு அடியில. சாணிக்குள்ளன்னு நெனைச்சேன், இல்ல, தொட்டிக்கு அடியிலதான்."

பின்னாலிருந்து ஒரு குரல், செங்கல் அடுக்குக்குள் என்றது. இன்னொருவர் கரும்புச் சோகைக்கு அடியில் என்றார். எந்த ஊர், என்ன மண், எந்த மாதத்தில் முதலில் தென்படும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கினேன். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எந்த ஊரும்மா?" என்றார்.

"பொறுங்கோ அண்ணை" என்றேன். "முதல்ல நீங்கள் சொல்லுங்கோ. உங்கட ஊர் எது?"